‘நைஸ்’ என்ற சொல்லைச் சரிபார்த்தபோது கற்றவை

ஆங்கில நூல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுச் சரிபார்ப்பது பல ஆண்டுகளாக என் தொழில். இதில் அரிய சொற்கள் அதிகம் தொல்லை கொடுப்பதில்லை. தெரியாத சொல்லைக் கண்டதும் மொழிபெயர்ப்பவர் அகராதியை எடுத்துவிடுவார், நானும் எடுப்பேன், இருவரில் ஒருவராவது சரியான பொருளைப் பிடித்துவிடுவோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்தாம் தொல்லை தருகின்றன, ஏனென்றால் அவற்றை எவரும் அகராதியில் தேடுவதில்லை. அவற்றுள் எனக்கு மிக அதிகமாக வேலை வைத்தது ‘நைஸ்’ என்னும் பெயரடை. அதைப் பற்றி நான் சேர்த்துவைத்த குறிப்புகளை, மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோருக்கும் பழைய ஆங்கிலம் படிப்போருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சட்ட வரலாற்றுக் கட்டுரைகளை மொழிபெயர்த்திருந்தார். 19ஆம் நூற்றாண்டுத் தீர்ப்பு ஒன்றை ஆராயும் கட்டுரையில், வழக்கறிஞர் ஒரு ‘நைஸ் கொஸ்டியன்’ எழுப்பியதாக நீதிபதி குறிப்பிடுகிறார். தமிழில் அது ‘நல்லதொரு கேள்வியை எழுப்பினார்’ என்று வந்திருந்தது. வாக்கியத்தைத் தனியாகப் படித்தால் குறையொன்றும் தெரியாது. ஆனால் அடுத்து வரும் பத்திகளில் நீதிபதி அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார். இரு பக்கத்து முன்தீர்ப்புகளையும் மாறிமாறி எடைபோடுகிறார். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று சொல்வது கடினம் என்கிறார். நல்ல கேள்வி என்று பாராட்டியவர் ஏன் இத்தனை சங்கடப்படுகிறார் என்று தமிழ் வாசகர் குழம்பியிருப்பார். சட்ட ஆங்கிலத்தில் அந்தத் தொடருக்குப் பாராட்டு என்ற பொருளே கிடையாது. இரு தரப்பிலும் நியாயம் ஏறக்குறையச் சமமாக நிற்கிற, மிக நுட்பமாகப் பிரித்துப் பார்த்தாலன்றித் தீர்வு தெரியாத சிக்கல் என்பதே அதன் பொருள். ‘நுணுக்கமான சட்டச் சிக்கல்’ என்று திருத்தி அனுப்பினேன்.

அவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, பிள்ளைகளுக்கு இத்தனை வருஷமும் நைஸ் என்றால் நல்ல, இனிய என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நுணுக்கம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடுதான் கேட்டார். அன்று அவருக்கு என்னால் சொல்ல முடிந்த விடை, அகராதியில் அப்படியும் ஒரு பொருள் இருக்கிறது என்பது மட்டுமே. அந்த விடை எனக்கே போதவில்லை. ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் இருந்தால் அந்த எட்டும் எப்படி ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன என்று தெரிந்தால்தான், எந்த இடத்தில் எதைத் தேர்வது என்பதில் கை நடுங்காது.

இச்சொல்லின் மூலம் இலத்தீன். ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதன் முன் ‘நெ’ என்னும் எதிர்மறை சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’ ஆனது. பொருள்: அறியாதவன். அறிதல் என்ற அதே வேரிலிருந்துதான் ‘சயன்ஸ்’, மனச்சான்றைக் குறிக்கும் ‘கான்ஷியன்ஸ்’ ஆகிய சொற்களும் பிறந்தன. ‘நெஸ்கியுஸ்’ பழைய பிரெஞ்சு மொழியில் தேய்ந்து, அசடு, கையாலாகாதவன் என்ற பொருள்களோடு 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்குள் வந்தது. ஸ்பானிய மொழியில் அதே இலத்தீன் சொல்லின் வழிவந்த ‘நெஸியோ’ இன்றும் மூடனைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அது வேறு பாதையில் போயிற்று. இந்தப் போக்கு இலத்தீனிலோ அதன் கிளைமொழிகளிலோ வேறெங்கும் காணப்படாதது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே குறிப்பிடுகிறது.

அந்தப் பாதையை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். அறியாமையுடையவர் முதலில் அசடர்; அடுத்து, உலகம் தெரியாததால் கூச்சப்படுபவர்; கூச்சம் முற்றினால் எதையும் தொடத் தயங்கும் ஆசாரக்காரர், எடுத்ததற்கெல்லாம் குறை காண்பவர். எளிதில் திருப்தியடையாதவருக்குச் சிறு வேறுபாடும் கண்ணில் படும். அங்கிருந்து நுட்பமான பார்வை, துல்லியம், பிசகாத அளவு என்ற பொருள்கள் 16ஆம் நூற்றாண்டளவில் வலுப்பெற்றன. நுட்பமான சுவையுடையவர் விரும்புவது நயமான பொருளாகத்தானே இருக்கும்? அப்படியே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘இனிய’ என்ற பொருளும், 19ஆம் நூற்றாண்டில் ‘அன்பான, நல்ல குணமுள்ள’ என்ற பொருளும் வந்து சேர்ந்தன. இப்படி நான் சொல்லும்போது படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகத் தெரிகின்றன. நடந்தது அவ்வளவு ஒழுங்காக இல்லை. பழைய பொருள் போகாமலே புதியது வந்து உட்கார்ந்தது. 16, 17ஆம் நூற்றாண்டு எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை நினைத்தார் என்று சொல்வது கடினம் என்று, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்த அகராதியின் முதற்பதிப்பைத் தொகுத்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பழைய இலக்கியத்தில் இச்சொல்லைப் பார்க்க விரும்புவோருக்கு நான் முதலில் காட்டுவது, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் எழுதிய கான்டர்பரி கதைகளின் முன்னுரைப் பகுதி. அங்கே வரும் கப்பலோட்டி, வணிகர் அசந்த நேரத்தில் ஒயினைத் திருடுபவன். கடற்சண்டையில் தோற்றவர்களைக் கடலில் தள்ளிவிடுபவன். ‘நைஸ் கான்ஷியன்ஸ்’ என்பதை அவன் கண்டுகொள்வதே இல்லை என்கிறார் சாஸர். ‘இனிய மனச்சான்று’ என்று பெயர்த்தால் அபத்தம். சிறு பிசகுக்கும் உறுத்துகிற, கூர்மையான மனச்சான்று என்பது பொருள். அறியாமை என்று பொருள்படும் வேரும் அறிவு என்று பொருள்படும் வேரும் அருகருகே வந்து நிற்கும் தொடர் அது. சாஸருக்கு அது தெரிந்திருந்ததா என்பது வேறு. அக்காலத்தில் இச்சொல்லை ‘நீஸ்’ என்பதற்கு நெருக்கமாகவே ஒலித்தார்கள். ஆங்கிலத்தின் நெடில் ‘ஈ’கள் பின்னர்தான் ‘ஐ’ ஆயின. இன்று ‘நீஸ்’ என்று ஒலிக்கப்படுவது தென்பிரான்சு நகரத்தின் பெயர். எழுத்து ஒன்றேயானாலும் அதற்கும் இந்தப் பெயரடைக்கும் உறவில்லை. அது ‘நிகாயா’ என்ற கிரேக்கப் பெயரின் திரிபு. சர்க்கரை தூவிய தேங்காய் பிஸ்கட்டின் பெயரை நாம் கடைகளில் ‘நைஸ்’ என்றே சொல்கிறோம். இங்கிலாந்தில் அதே வகை பிஸ்கட்டை ‘நீஸ்’ என்று சொல்வதா ‘நைஸ்’ என்று சொல்வதா என்று இன்னும் வழக்காடுகிறார்கள்.

பொருள் தலைகீழாகிப்போன இடம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். கல்லூரி நாடகக் குழு ஒன்று ரோமியோ ஜூலியட் நாடகத்தைத் தமிழில் அரங்கேற்ற எண்ணி, கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத்தரச் சொன்னது. ஐந்தாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், ரோமியோவுக்கு எழுதிய கடிதம் அவன் கையில் சேரவில்லை என்று பாதிரியார் லாரன்ஸுக்குத் தெரியவருகிறது. கடிதம் கொண்டுபோன துறவி கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட்டுவிட்டார். ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்ற செய்தி அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. லாரன்ஸ் பதறிப்போய், அந்தக் கடிதம் ‘நைஸ்’ அன்று என்கிறார். மாணவர்கள் அதை ‘அது நல்ல கடிதம் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். தான் எழுதிய கடிதத்தைத் தானே பழிக்கும் பாதிரியாராக அவர் மேடையில் நின்றிருப்பார். ஷேக்ஸ்பியரின் அந்த வரியில் இச்சொல்லுக்கு ‘அற்பமான’ என்று பொருள். ‘அது ஏதோ அற்பக் கடிதமன்று, உயிர்போகும் சங்கதி’ என்று மாற்றினோம். வசனம் பேசிய மாணவருக்கும் குரல் தானாக உயர்ந்தது. அதே நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், டிபால்ட்டோடு நேர்ந்த சண்டை எவ்வளவு ‘நைஸ்’ என்று ரோமியோ எடுத்துச்சொன்னதாக பென்வோலியோ கூறுவான். அங்கேயும் ‘எத்தனை அற்பமான காரணத்துக்கு’ என்றே கொள்ள வேண்டும். ஐந்தாம் ஹென்றி நாடகத்தின் முடிவில், மன்னர்கள் முன்னே ‘நைஸ்’ வழக்கங்கள் மண்டியிடும் என்று ஹென்றி சொல்லும்போது, அந்த வழக்கங்கள் கறாரான ஆசாரங்கள். ஒரே ஆசிரியர், சில ஆண்டு இடைவெளி, ஒரே சொல், இரு பொருள்.

இதிலிருந்து நான் பின்பற்றத் தொடங்கிய நடைமுறை எளிது. மூலம் எழுதப்பட்ட ஆண்டைக் கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய நூலானால், ‘இனிய’ என்ற பொருளைக் கடைசியாகத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இச்சொல்லுக்கு முதலில் தரும் பொருள், மிகச் சிறு அளவுக்கும் பிசகாமல் மதிப்பிடுகிற தன்மை என்பதுதான்.

இச்சொல் பழைய கரைக்கும் புதிய கரைக்கும் நடுவில் நின்ற காலத்தை ஜேன் ஆஸ்டின் வேடிக்கையாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் 1817இல் மறைந்த சில மாதங்களில் வெளிவந்த நார்தாங்கர் அபே நாவலின் 14ஆம் அத்தியாயத்தில், கேத்தரின் என்னும் இளம்பெண் தனக்குப் பிடித்த நாவலை உலகத்திலேயே மிக ‘நைஸ்’ ஆன புத்தகம் என்கிறாள். உடன் நடந்துவரும் ஹென்றி டில்னி, நீ சொல்வது நேர்த்தியைத்தானே, அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று கிண்டல் செய்கிறான். நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ், எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் என்று மேலும் சீண்டுகிறான். அவனைத் திருத்தும் தங்கை, இவன் ஜான்சனைக் கொண்டுவந்து நம்மை அழுத்திவிடுவான் என்று கேத்தரினை எச்சரிக்கிறாள். இந்தப் பகுதியைத் தமிழாக்கிய ஒருவரின் பிரதியில் ‘அருமையான’ என்ற சொல் இருந்தது. கேத்தரின் பேச்சுக்கு அது சரிதான். ஹென்றியின் பைண்டிங் கிண்டல் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அருமைக்கும் பைண்டிங்குக்கும் தொடர்பில்லையே.

நெடுநேரம் பேசியபின் நாங்கள் வந்து சேர்ந்த சொல் ‘நயம்’. நயமான எண்ணெய் என்றால் கலப்பில்லாத நல்ல எண்ணெய். நயமான நெசவு என்றால் நேர்த்தியான நெசவு. நயமாகப் பேசினான் என்றால் இனிக்கப் பேசினான். கவிதை நயம் என்றால் நுட்பமும் அழகும் சேர்ந்தது. நேர்த்தி, நுட்பம், இனிமை மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் வசதி தமிழில் அதற்குத்தான் உண்டு. ‘உலகத்திலேயே நயமான புத்தகம்’ என்று கேத்தரின் சொல்ல, ‘நயம் என்று எதைச் சொல்கிறாய், பைண்டிங்கையா? அது பைண்டு செய்தவர் கையில் இருக்கிறது’ என்று ஹென்றி கேட்கும்போது கிண்டல் கிண்டலாக நின்றது. ‘நயமான நாள், நயமான நடை’ என்று அவன் அடுக்கும்போது தமிழ்க் காதுக்குச் சற்று உறுத்துகிறது. ஆனால் எதற்கும் பொருத்திப் பேசுகிறார்களே என்பதுதான் அவனுடைய குறையும். மூலத்தில் சொல்விளையாட்டு இருக்குமானால், அந்த வாக்கியத்துக்குப் பொருத்தமான சொல்லை மட்டும் தேடக்கூடாது. விளையாட்டு முடியும் வரை தாங்கிநிற்கும் சொல்லைத் தேட வேண்டும்.

ஆஸ்டின் மறைவதற்கு ஈராண்டு முன்பு நடந்த இன்னொரு நிகழ்ச்சியும் என் குறிப்பேட்டில் உண்டு. 1815 ஜூன் 18இல் வாட்டர்லூப் போர் முடிந்தது. மறுநாள் பிரஸ்ஸல்ஸில் தாமஸ் கிரீவி என்னும் ஆங்கிலேய அரசியல்வாதியிடம், அங்கே நெப்போலியனை வென்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபு போரைப் பற்றிப் பேசினார். தானும் பிரஷ்யத் தளபதி புளூஹரும் 30,000 பேரை இழந்ததைச் சொல்லிவிட்டு, அது படுபயங்கரமான ‘நைஸ்’ விவகாரம் என்றும், அவ்வளவு நெருக்கமாக ஓடிய ஒன்றை நீர் வாழ்நாளில் பார்த்திருக்க முடியாது என்றும் கூறினார். கிரீவி இதை எழுதி வைத்தார். பேசியவர் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் ஈடுபட்டிருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லி. குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டன் கண்டோன்மெண்டுக்குப் பெயர் தந்தவர். இந்தக் கூற்றை ‘அது ஒரு நல்ல விஷயம்’ என்று யாராவது மொழிபெயர்த்தால், பிணக்குவியலைப் பார்த்து மகிழ்ந்த கொடியவராக அவர் ஆகிவிடுவார். தராசு முள் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கக்கூடிய, அற்ப வேறுபாட்டில் முடிவான நிகழ்ச்சி என்பதே அங்கே பொருள். ‘மயிரிழையில் நின்ற விவகாரம்’ என்ற நம் வழக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. மேலே சொன்ன நீதிமன்றக் கேள்விக்கும் இந்தப் போருக்கும் ஒரே பொருள்தான்: இரண்டிலும் இருபக்க எடையும் ஏறக்குறையச் சமம்.

ஆண்டைப் பார்த்துவிட்டால் மட்டும் போதாது என்று இங்கே தெரிகிறது. ஆஸ்டினின் கதாநாயகியும் வெலிங்டனும் ஒரே தலைமுறையின் ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆகவே இரண்டாவதாக, இந்தப் பெயரடை எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது என்று பார்க்கிறேன். வேறுபாடு, சமநிலை, கணக்கு, தீர்ப்பு, காது, கேள்வி போன்றவற்றோடு வந்தால் துல்லியம் அல்லது நுணுக்கம். உணவு, உடை, வழக்கம், மனச்சான்று ஆகியவற்றோடு வந்தால், குறிப்பாகப் பழைய நூல்களில், குறைகாணும் கறார்த்தன்மை. மனிதர், வானிலை, வீடு, விருந்து என்றால் பெரும்பாலும் இன்றைய பொருள். ஐயம் தீராவிட்டால், அதே இடத்தில் ‘துல்லியமான’ என்று போட்டுப் படித்துப் பார்க்கிறேன். பத்தியின் தொடர்ச்சி இயல்பாக ஓடினால் அதுவே விடை. ‘நைஸிட்டி’ என்ற பெயர்ச்சொல் பழைய பொருளை இன்றுவரை பெரும்பாலும் காப்பாற்றி வருகிறது. ஒரு வேலையை ‘நைஸிட்டி’ வரை செய்தான் என்றால் இம்மி பிசகாமல் செய்தான் என்று பொருள்.

மாலை வேளையில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம், முட்டாள் என்ற சொல் எப்படி ஐயா அழகு என்று மாறும் என்று ஒருவராவது கேட்டுவிடுவார். அவர்களுக்கு ஆங்கில எடுத்துக்காட்டுகளைச் சொல்வதைவிட ‘மடம்’ என்ற சொல்லைச் சொல்வது விரைவில் பலன் தருகிறது. அறியாமையைக் குறிக்கும் அந்தச் சொல்தான் ‘அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு’ என்ற வரிசையில் பெண்ணுக்குரிய நற்குணமாக எண்ணப்பட்டது; சங்கப் பாடல்களில் ‘மடப்பிடி’ என்றால் முட்டாள் யானையன்று, இளமையும் மென்மையும் உடைய பெண்யானை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் அறியாமை, அழகு, மென்மை ஆகியவை அச்சொல்லுக்கு அருகருகே பொருள்களாக நிற்கின்றன. புறநானூற்றின் 142ஆம் பாடலில் பரணர், பேகன் கொடைமடம் படுவானே தவிரப் படைமடம் படமாட்டான் என்று பாடுகிறார். யாருக்கு எதைக் கொடுப்பது என்ற கணக்குப் பார்க்காத அசட்டுத்தனம் அங்கே புகழ்மொழி. திருக்குறளில் ‘பேதைமை’ என்று ஓர் அதிகாரமே அறிவின்மையைக் கடிந்துகொள்ள, 1274ஆம் குறளில் ‘பேதை’ என்றால் காதலி. அசடிலிருந்து மென்மைக்கும் அங்கிருந்து அழகுக்கும் போகும் வழி நமக்கு அயலானது அன்று. அவ்வழியில் நாம் துல்லியம் என்னும் ஊருக்குப் போகவில்லை, ஆங்கிலம் போயிற்று, வேறுபாடு அவ்வளவுதான். இன்றைய பேச்சில் ‘மடத்தனம்’ பழைய வசவுப் பொருளுக்கே திரும்பிவிட்டது.

எதிர்த்திசையில் வந்த ஆங்கிலச் சொல் ஒன்றையும் இதோடு சேர்த்துச் சொல்வேன். ‘சில்லி’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஸேலிக்’. அருள்பெற்ற, பேறுடைய என்று பொருள். பேறுடையவர் கள்ளமற்றவராகி, கள்ளமற்றவர் இரங்கத்தக்கவராகி, இரங்கத்தக்கவர் அசடரானார். அசடில் புறப்பட்ட நைஸ் மேலேறிய அதே நூற்றாண்டுகளில் சில்லி கீழே இறங்கியது. அன்புகொண்ட என்று இன்று பொருள்படும் ‘ஃபாண்ட்’ என்பதும் முட்டாளாக்கப்பட்டவன் என்ற பொருளில் தொடங்கியதுதான்.

இலக்கண ஆசிரியர்களுக்கு ‘நைஸ்’ மேல் நெடுங்காலமாக ஒரு கோபம் உண்டு. ஆங்கில வழக்கு பற்றி 1926இல் நூல் எழுதிய எச்.டபிள்யூ.ஃபௌலர், பெண்களின் செல்லச் சொல்லாகிப்போனதால் அது தன் தனித்தன்மையை இழந்து மங்கலான இனிமையைப் பரப்பும் சொல்லாகிவிட்டது என்று பழித்தார். பெண்கள் மேல் பழிபோட்டது அநியாயம் என்பது என் கருத்து. மங்கலாகிவிட்டது என்ற பகுதி உண்மை. அதனால் மாணவர்களிடம், வேலைக்கான விண்ணப்பத்திலோ பரிந்துரைக் கடிதத்திலோ இச்சொல்லை வைக்க வேண்டாம் என்று சொல்கிறேன். ஒருவரை ‘நைஸ் பெர்சன்’ என்று பரிந்துரைத்தால், வேறு சொல்ல எதுவும் இல்லை போலும் என்று படிப்பவர் எண்ணக்கூடும். நேரம் தவறாதவர், கணக்கில் கவனமானவர், வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுபவர் என்று எழுதினால் அந்த மனிதர் கண்முன் நிற்பார். பேச்சில் அதைத் தவிர்க்கச் சொல்வதில்லை. பேச்சில் அந்த மங்கலே வசதி.

தமிழ் பேசுபவருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் இந்தச் சொல்லைக் கடன் வாங்கி, நம் போக்கில் வளர்த்துவிட்டோம். மாவு மில்லில் “நைஸா, ரவைப் பதமா?” என்று கேட்டால், குழந்தைக்கும் பொருள் தெரியும். அவனிடம் நைஸாகப் பேசிக் காரியத்தை முடித்தாள், கூட்டம் முடியும் முன் நைஸாக நழுவினான், மேலதிகாரியை நைஸ் பண்ணுகிறான் என்றெல்லாம் சொல்கிறோம். ‘நயம்’, ‘நைதல்’ என்ற நம் சொற்களின் ஒலியும் பொருளும் அருகில் இருந்ததால் இக்கடன்சொல் இத்தனை எளிதாக இந்த இடங்களில் ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். ஆனால் இவற்றை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது இடறுகிறது. மிளகை ‘நைஸ்லி’ அரைக்கச் சொன்னால் ஆங்கிலேயர் நன்றாக அரைக்கச் சொன்னதாகவே கொள்வார். பொடியின் மென்மைக்கு ‘ஃபைன்லி’ என்பதே சொல். கூட்டத்திலிருந்து ஒருவர் ‘நைஸ்லி’ போனார் என்றால் கௌரவமாக விடைபெற்றார் என்று தோன்றும். சந்தடியில்லாமல் நழுவியது தெரியாது. மாணவர்களின் கட்டுரைகளில் இவ்விரு இடங்களையும் தேடிப்பார்த்துத் திருத்துவது எனக்கு வழக்கமாகிவிட்டது. கணினித் துறையில் வேலைபார்க்கும் மாணவர் ஒருவர், யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ‘நைஸ்’ என்றே ஓர் ஆணை உண்டு என்றும், அதன் மதிப்பு –20இலிருந்து 19 வரை போகும் என்றும், எண் கூடக்கூட அந்தப் பணி மற்றவற்றுக்கு வழிவிட்டுத் தன் முறைக்குக் காத்திருக்கும் என்றும் சொன்னார். ‘விட்டுக்கொடுக்கும் குணம்’ என்று அதைத் தமிழில் விளக்கியபோது வகுப்பில் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அகராதி பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கற்போருக்கான அகராதிகள் இன்று அதிகம் வழங்கும் பொருளை முதலில் தருகின்றன. பழைய பொருள் கடைசியில் சிறிதாக இருக்கும், அல்லது இராது. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியும் மெரியம்-வெப்ஸ்டர் கல்லூரி அகராதியும் பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகின்றன. இது தெரியாமல் வெப்ஸ்டரைத் திறந்து முதற்பொருளை எடுப்பவர் இன்றைய நாவலுக்குப் பழைய பொருளைப் போட்டுவிடுவார். கைக்கடக்கமான கற்போர் அகராதியைத் திறப்பவர் பழைய தீர்ப்புக்கு இன்றைய பொருளைப் போட்டுவிடுவார். அகராதியின் முன்னுரையில் பொருள் வரிசை பற்றிய பத்தியை ஒருமுறை படித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இன்றைய நாவல்களின் உரையாடல்களில் தொல்லை வேறு வகை. ‘நைஸ் அண்ட் ஹாட்’ என்று தேநீரைப் பற்றி ஒருவர் சொன்னால் அங்கே இரண்டு பெயரடைகள் இல்லை. முன்னது பின்னதற்கு அழுத்தம் தருகிறது. ‘நல்ல சூடாக’ என்று நாம் சொல்வது அதற்கு நேரானது. வீட்டைக் குப்பையாக்கிய பிள்ளையிடம் ‘நைஸ்’ என்று தாய் சொன்னால் ‘ரொம்ப அழகு!’ என்பது தமிழ். சலிப்போடு சொல்லப்படும் ‘தட்ஸ் நைஸ்’தான் எனக்கு அதிகம் வேலை வைக்கிறது. அண்மையில் வந்த ஒரு பிரதியில், மகள் தன் புதிய வேலையைப் பற்றி ஆவலோடு சொல்லச்சொல்ல, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காத அப்பா அப்படிச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் ‘அது இனிமையானது’ என்று எழுதியிருந்தார். நான் ஓரத்தில் ‘அப்படியா, சரி சரி’ என்று எழுதி அனுப்பினேன். அவர் ஒரு ‘சரி’யை மட்டும் எடுத்துவிட்டு ஏற்றுக்கொண்டார்.